வரிப் படிவ மேசையில் கல்லூரி மாணவர்கள்: அமெரிக்க நகரங்களின் ‘வீட்டா’ அனுபவம்

இரண்டு சிறு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 10 டாலர் கூலியில் ஆண்டு முழுக்க உழைத்து 20,000 டாலர் சம்பாதிக்கிறார். 2024-ஆம் ஆண்டு வருமானத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் வரிக் கணக்கை இவருக்காகப் போட்டுப் பார்க்கலாம். தனியாகக் குடும்பம் நடத்துபவருக்கான நிலைக் கழிவு, அதாவது வரி போடாமல் விட்டுவிடும் தொகை, 21,900 டாலர். வருமானம் அதற்குள் அடங்கிவிடுவதால் வரி ஒரு காசுகூட இல்லை. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. சரி, வேலை மிச்சம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? ‘எர்ன்ட் இன்கம் டாக்ஸ் கிரெடிட்’ என்ற சலுகையில் இவருக்கு வர வேண்டிய 6,960 டாலர் வராது. குழந்தைகளுக்கான வரிச் சலுகையில் பணமாகவே திரும்பி வரும் 2,625 டாலரும் வராது. மொத்தம் 9,585 டாலர். கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம்.

இந்தப் பணத்துக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீட்டுக்காகப் போராட வேண்டியதில்லை. 1975 முதல் நடப்பில் இருக்கும் சலுகை இது. குறைந்த கூலிக்கு உழைப்பவரின் கையில் அரசே பணம் சேர்க்கும் ஏற்பாடு. ஆனாலும் தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் இதைக் கேட்டு வாங்குவதில்லை என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. பணத்துக்கும் அந்தத் தாய்க்கும் நடுவே இருப்பது ஒரு படிவம்தான்.

பல்கலைக்கழக மாணவர்களும் உள்ளாட்சிகளும் சேர்ந்து ஏழைக் குடும்பங்களின் பொருளாதார ஏற்றத்துக்கு என்ன செய்ய முடியும் என்ற பேச்சு இப்போது அதிகமாகக் கேட்கிறது. அந்தப் பேச்சில் நான் முதலில் சுட்டிக்காட்ட விரும்புவது, வசதியில்லாதவர்களுக்கு மாணவர்கள் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும், ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய படிவ மேசையைத்தான். மாணவர்–நகராட்சிக் கூட்டு முயற்சிகளில் பெரும்பாலானவை ஓர் அறிக்கையில் முடிகின்றன. பருவம் முடியும்போது மாணவர்கள் திரையில் படம் போட்டுப் பரிந்துரைகளை விளக்குகிறார்கள், அதிகாரிகள் கைதட்டுகிறார்கள், அறிக்கை அலமாரிக்குப் போகிறது. இங்கே மாணவரின் உழைப்பு அன்றைக்கே ஒரு குடும்பத்தின் கணக்கில் எண்ணாக ஏறுகிறது.

தொடக்கம் நார்த்ரிட்ஜில்

1969-இல் அமெரிக்காவின் வரிச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதையொட்டி, கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வட பகுதியில் உள்ள நார்த்ரிட்ஜ் கல்லூரியில் கேரி இஸ்கோவிட்ஸ் என்ற ஆசிரியர் தம் கணக்கியல் மாணவர்களை வைத்து, வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரத் தொடங்கினார். அந்தக் கல்லூரிதான் 1972 முதல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், நார்த்ரிட்ஜ் என்று அழைக்கப்படுகிறது. இந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் ஐ.ஆர்.எஸ். நாடு முழுக்க நடத்தும் தன்னார்வ வருமான வரி உதவித் திட்டம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வீட்டா’ என்பார்கள்.

கணக்கியல் மாணவருக்குப் பாடப்புத்தகத்தில் வரும் கணக்கு ஒழுங்கானது. எல்லா எண்களும் கேள்வியிலேயே இருக்கும். மேசைக்கு வருபவரோ ஒரு நெகிழிப் பையில் காகிதங்களைக் கொண்டுவருவார். இரண்டு முதலாளிகள் தந்த இரண்டு டபிள்யூ-2 சம்பளச் சான்றுகள், வாடகைக் கார் ஓட்டிய செயலியிலிருந்து அச்செடுத்த ஒரு தாள், எதற்கென்றே தெரியாத ஒரு அரசுக் கடிதம். பேரன் தன் வீட்டில்தான் இருக்கிறான், அவனை யார் கணக்கில் காட்டுவது என்று ஒரு பாட்டி கேட்பார். அந்தப் பையனோடு ஆண்டில் பாதிக்கு மேல் தங்கியிருந்தவர் யார் என்பதைப் பொறுத்து சலுகையே இடம் மாறும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்குவமும் பொறுமையும் வேண்டும். பிரிந்துபோன கணவனைப் பற்றி முன்பின் தெரியாத இருபது வயதுக்காரரிடம் பேச யாருக்குத்தான் எளிதாக இருக்கும்?

ஆனால் நல்ல மனசை மட்டும் நம்பி யாரையும் இந்த மேசையில் உட்கார வைப்பதில்லை. தன்னார்வலர் முதலில் நடத்தை விதிகளுக்கான தேர்வு எழுத வேண்டும். அப்புறம் வரிச் சட்டத் தேர்விலும் தேறினால்தான் படிவத்தைத் தொடலாம். வருபவரிடம் முதலில் ஒரு விவரத்தாளை நிரப்பச் சொல்லி, அதை வைத்தே நேர்காணல் நடக்கும். அடையாள அட்டை, குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அரசு தந்த சோஷியல் செக்யூரிட்டி என்ற அடையாள எண் எல்லாம் சரிபார்க்கப்படும். ஒருவர் நிரப்பிய படிவத்தை, தேர்வு பெற்ற இன்னொருவர் வரிவரியாக மறுபடியும் பார்க்காமல் அனுப்பக் கூடாது. காசு வாங்கக் கூடாது, அன்பளிப்பும் கூடாது, தன் சொந்தத் தொழிலுக்கு ஆள் பிடிக்கவும் கூடாது. வாடகை வருமானம் போன்ற சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மேசையின் எல்லைக்கு வெளியே. ‘இது எங்களால் முடியாது’ என்று சொல்லத் தெரிவதும் பயிற்சியில் அடக்கம்.

இந்தக் கண்டிப்பைக் காசு வாங்கிச் செய்பவர்களின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கட்டணம் வாங்கி வரிப் படிவம் நிரப்ப மத்திய அரசின் தகுதித் தேர்வு எதுவும் கிடையாது. 2010-களின் தொடக்கத்தில் ஐ.ஆர்.எஸ். அப்படி ஒரு தேர்வைக் கொண்டுவரப் பார்த்தது. சட்டம் அதற்கு அதிகாரம் தரவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, இலவசமாகச் செய்யும் மாணவர் தேர்வு எழுத வேண்டும். சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு செய்பவர் எழுத வேண்டியதில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தச் சில நூறு டாலர் போவதும், குழந்தைக்குக் காலணி வாங்க வேண்டிய ரீஃபண்டிலிருந்துதான்.

நகரம் எதற்கு?

வரியோ மத்திய அரசுடையது, ஆட்களோ பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்கள். நடுவில் நகராட்சிக்கு என்ன வேலை என்று தோன்றலாம்.

இந்த மேசைக்கு யார் வர வேண்டுமோ, அவர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கால் வைக்க மாட்டார். வாகனம் நிறுத்த இடம் தெரியாது, எந்தக் கட்டடம் என்று தெரியாது. அங்கே தனக்கு வேலையில்லை என்ற தயக்கம் வேறு. அவருக்குப் பழக்கமானது பக்கத்துத் தெரு நூலகமும் சமூகக் கூடமும்தான். அந்தக் கதவுகளின் சாவி நகர நிர்வாகத்திடம் இருக்கிறது. தொலைபேசியை எடுத்து நேரம் குறித்துத் தரும் ஆள், பல மொழிகளில் அச்சிட்ட அறிவிப்பு, சனிக்கிழமையும் கட்டடத்தைத் திறந்துவைக்கும் காவலாளியின் சம்பளம், இணைய இணைப்பு, நிரந்தரமான ஒரு பொறுப்பாளர் என எல்லாம் சலிப்பூட்டும் வேலைகள். மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள். இந்த வேலைகளைத் தாங்குபவர் மாறக் கூடாது.

பாஸ்டன் நகரம் 2001 முதல் இப்படி ஒரு கூட்டமைப்பை நடத்திவருகிறது. இலவச வரி உதவி மையங்களுக்கு நகர நிர்வாகம் முதுகெலும்பாக நிற்க, உள்ளூர் அமைப்புகளும் தன்னார்வலர்களும் மேசைகளில் உட்காருகிறார்கள். நியூயார்க் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், 2004-இல் மத்திய அரசின் சலுகைக்கு மேல் தன் பங்காக 5 சதவீதம் சேர்த்துத் தரத் தொடங்கியது. பிற்பாடு 2022-இல் அந்த விகிதத்தை உயர்த்தியது. படிவத்தைத் தாக்கல் செய்ய நகரமே ஒரு கூடுதல் காரணம் தருகிறது என்று பொருள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2005-இல் அந்த நகரம், மத்தியச் சலுகை பெறும் குடும்பங்களுக்குத் தன் பணத்திலிருந்தும் ஒரு தொகை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. காசோலைகள் போகத் தொடங்கியதும்தான் ஓர் உண்மை கண்ணில் பட்டது. பல குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. காசோலையைப் பணமாக்கித் தரும் கடைகளில் ஒரு பங்கை இழந்துதான் மீதியைக் கையில் வாங்க முடிகிறது. அடுத்த ஆண்டே, 2006-இல், நகரக் கருவூல அதிகாரி முன்னின்று வங்கிகளைக் கூட்டி, குறைந்தபட்ச இருப்புத் தொந்தரவு இல்லாத எளிய கணக்குகளுக்கு ஏற்பாடு செய்தார். ‘பேங்க் ஆன்’ என்ற அந்த ஏற்பாடு பின்னர் நாட்டின் பல நகரங்களுக்குப் பரவியது. இது யாரும் அறிக்கை எழுதி முன்கூட்டிச் சொன்ன பரிந்துரை இல்லை. பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போன இடத்தில் தடுக்கிய கல்.

சொல்வது வேறு, செய்துகொடுப்பது வேறு

மக்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரியப்படுத்தினால் போதாதா? கடிதம் அனுப்பலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். மாணவர்களை வைத்து நல்ல இணையதளம் செய்யலாம். நகராட்சிகளுக்கு இது பிடித்த வழி, செலவும் குறைவு. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் எலிசபெத் லினோஸ் முதலான ஆய்வாளர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குறைந்த வருமானக்காரர்களிடம் ஆறு கள ஆய்வுகள் நடத்தினார்கள். இந்தச் சலுகை உங்களுக்கு உண்டு, தாக்கல் செய்யுங்கள் என்று கடிதங்களும் குறுஞ்செய்திகளும் விதவிதமான வாசகங்களில் போயின. 2022-இல் வெளியான முடிவு: தாக்கல் செய்தவர்களின் எண்ணிக்கை அசையவில்லை. படித்தவர்கள் இருந்தார்கள், இணையதளத்துக்குப் போனவர்களும் இருந்தார்கள். படிவம்தான் போகவில்லை.

ஏற்கெனவே கணக்குத் தாக்கல் செய்துவிட்டு, சலுகையை மட்டும் கேட்காமல் விட்டவர்களிடம் கதை வேறு. சௌரப் பார்கவாவும் டேயன் மனோலியும் அப்படிப்பட்ட சுமார் 35,000 பேருக்கு ஐ.ஆர்.எஸ். மூலமே கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். கடிதத்தை எளிமையாக்கி, எவ்வளவு தொகை வரும் என்று தெளிவாகக் காட்டியபோது, சலுகையைக் கேட்டவர்கள் கணிசமாகக் கூடினார்கள். 2015-இல் வந்த ஆய்வு இது. அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரு சிறு தாளை நிரப்புவது மட்டுமே. முழுப் படிவமும் தலைக்கு மேல் நிற்பவருக்கு அந்தக் கடிதம் உதவாது.

மூன்றாவது சோதனை 2008-இல் ஒஹையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் ஷார்லட் நகரிலும் நடந்தது. எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரி நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வந்த குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வரிக் கணக்கு முடிந்த கையோடு, அதே விவரங்களை வைத்துக் கல்லூரி நிதி உதவிக்கான விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நிமிட வேலைதான். இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கலாம் என்ற கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்து, நீங்களே விண்ணப்பியுங்கள் என்றார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான துண்டுப் பிரசுரம். நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் பின்னர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 8 சதவீதப் புள்ளி அதிகம். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை.

ஷார்லட் என்ற பெயரைக் கவனியுங்கள். 2014-இல் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 50 பெரிய நகர்ப்பகுதிகளை ஒப்பிட்டபோது கடைசி இடத்தில் வந்தது அதுதான். அங்கே வருமானத்தின் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை, மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு 4.4 சதவீதம். சான் ஹோசேயில் 12.9 சதவீதம். அந்தக் கடைசி இடம் ஊரையே உலுக்கி, ஒரு பணிக்குழு அமைந்து, 2017-இல் நீண்ட அறிக்கையும் வந்தது. வீட்டு வசதி, பள்ளி, இனப் பாகுபாடு என்று அறிக்கை தொட்ட எல்லாமே உண்மையான பிரச்சினைகள். பல ஆண்டுகள் எடுப்பவை. ஆனால் அதே ஊரில், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மேசையில் சில நிமிடங்களில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

இந்தப் பணம் உண்மையிலேயே அடுத்த தலைமுறையை ஏற்றிவிடுகிறதா, அல்லது அந்த மாத வாடகையோடு கரைந்துவிடுகிறதா என்ற கேள்வி நியாயமானது. ஜேக்கப் பாஸ்டியனும் கேத்ரின் மிஷெல்மோரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 13 முதல் 18 வயதுவரை இந்தச் சலுகையின் வழியாக 1,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய சூழலில் வளர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. கல்லூரிப் படிப்பை முடிப்பதில் 4.2 சதவீதம், வளர்ந்தபின் ஈட்டும் வருமானத்தில் 2.2 சதவீதம் உயர்வு தெரிந்தது. பார்க்கச் சிறிய எண்கள். ஆயிரம் டாலருக்கே இவ்வளவு என்பதையும், நாம் முதலில் பார்த்த தாய்க்கு வர வேண்டியது 9,585 டாலர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடகையோடு கரைந்தாலும் தவறில்லை என்பது என் எண்ணம். வீடு மாறாமல் ஒரே பள்ளியில் படித்து முடிப்பதும் ஏற்றம்தான்.

எங்கே இடறுகிறது

வீட்டா மேசையின் பெரிய பலம் நாள்காட்டி. வரிப் பருவம் ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் 15-இல் முடிகிறது. கல்லூரியின் வசந்தப் பருவமும் ஏறத்தாழ அதே நாட்கள். மாணவர்கள் டிசம்பரில் பயிற்சி எடுத்து, விடுமுறையில் தேர்வு எழுதி, பருவம் தொடங்கியதும் மேசைக்கு வரலாம். நகராட்சியின் அவசரமும் கல்லூரியின் கால அட்டவணையும் இப்படிப் பொருந்துவது அபூர்வம்.

அதே நாள்காட்டியில்தான் குறையும் இருக்கிறது. கோடையில் ஐ.ஆர்.எஸ். கடிதம் வரும்: குழந்தை உங்களோடு வசித்ததற்குச் சான்று காட்டுங்கள். படிவம் நிரப்பிய மாணவர் அதற்குள் பட்டம் வாங்கி வேறு ஊருக்குப் போயிருப்பார். அந்தக் கடிதம் யார் வீட்டுக்கு அதிகம் போகிறது என்பதும் தெரியும். கருப்பின வரிதாரர்கள் மற்றவர்களைவிட 2.9 முதல் 4.7 மடங்கு அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாகிறார்கள் என்று 2023 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு சொன்னது. இந்தச் சலுகையைக் கேட்பவர்களிடம் அஞ்சல் வழியே நடக்கும் தணிக்கைதான் அதில் முக்கியப் பங்கு. இதற்கு மருந்தும் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்த வருமானக்காரர்களுக்கான வரி வழக்கு உதவி மையங்களுக்கு மத்திய அரசு நிதி தருகிறது. அவற்றில் பலவற்றைச் சட்டக் கல்லூரிகளே நடத்துகின்றன. ஆசிரியரின் மேற்பார்வையில் சட்ட மாணவர்கள் வரிதாரருக்காக ஐ.ஆர்.எஸ்-இடம் வாதாடலாம். கணக்கியல் மாணவரின் மேசையையும் சட்ட மாணவரின் மேசையையும் இணைக்கும் வேலை நகராட்சிக்குப் பொருத்தமானது. படிவத்தை நிரப்பும்போதே, ‘கடிதம் வந்தால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்’ என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த எண்ணை எடுக்க ஜூலையிலும் ஆள் இருக்க வேண்டும்.

இன்னொன்று மனசைக் கஷ்டப்படுத்தும் விஷயம். மத்திய அரசின் சலுகைக்கு வேலை செய்ய அனுமதி தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். அது இல்லாமல் வரிதாரர் அடையாள எண் மட்டும் வைத்திருக்கும் குடியேறிகள் வரி கட்டுகிறார்கள், சலுகை கிடையாது. பக்கத்து மேசையில் ஒருவர் பல ஆயிரம் டாலர் ரீஃபண்டோடு எழுந்து போக, உங்களுக்கு இல்லை என்று ஒரு மாணவர் இன்னொரு தாயிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா தன் மாநில அளவிலான சலுகையை 2020-ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து இவர்களுக்கும் திறந்துவிட்டது. மற்ற மாநிலங்களும் நகரங்களும் பின்பற்றத் தகுந்த முடிவு அது.

2021-இல் குழந்தைகளுக்கான வரிச் சலுகையைத் தற்காலிகமாக உயர்த்தி, ஜூலை முதல் டிசம்பர்வரை மாதாமாதம் வழங்கினார்கள். வரிச் சலுகைகளையும் அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாகக் குறைந்தது. சலுகை முடிந்த மறு ஆண்டே 12.4 சதவீதத்துக்கு ஏறியது. மாணவர்களின் உழைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சட்டத்தில் இருக்கும் பணத்தைத்தான் அவர்களால் கொண்டுசேர்க்க முடியும். இல்லாத பணத்தை உண்டாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை.

இந்த மாதிரியைத் தம் ஊரில் தொடங்க நினைக்கும் ஆசிரியரிடமும் நகர அதிகாரியிடமும் நான் வற்புறுத்துவது இரண்டு. மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே வைத்து மதிப்பெண் கொடுங்கள். சும்மா வந்து உதவ நேரம் இருப்பது வசதியான மாணவருக்குத்தான். பகுதி நேர வேலை பார்த்துப் படிப்பவருக்கு மதிப்பெண் இருந்தால்தான் மேசைக்கு வர முடியும். வருபவரின் வாழ்க்கையை நன்றாகப் புரிந்துகொள்பவரும் அவராகவே இருப்பார்.

அப்புறம், ஏப்ரல் 15-ஓடு மேசையை மடிக்காதீர்கள். விட்டுப்போன ரீஃபண்டை மூன்று ஆண்டுகள்வரை பின்னோக்கிக் கேட்கலாம். முதலில் பார்த்த அதே தாய் 2025 வசந்தத்தில் வருகிறார், அதற்கு முன் கணக்கே போட்டதில்லை, வருமானமும் குடும்பமும் அப்படியேதான் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். 2023-க்கு ஒரு சலுகையில் 6,604, இன்னொன்றில் 2,625. 2022-க்கு 6,164, அதே 2,625. பழைய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 18,018 டாலர். பருவ நேரத்தில் வரிசை வாசல்வரை நிற்கும்போது பழைய ஆண்டுகளைத் தோண்ட யாருக்கும் நேரம் இருக்காது. மே மாதம், நூலகத்தில் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஊரில் தங்கிவிட்ட இரண்டு மாணவர்கள் போதும். ‘போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் கணக்குப் போட்டீங்களா?’ என்று கேட்டால் ஆயிற்று.